கண்பைக்கு வைத்தியம் தேடுமுன் அது எதனால் ஆனது என்று பாருங்கள்

"ராத்திரி தூங்கலீங்களாட்ட இருக்குது?"

எங்கள் பக்கத்துக் கல்யாண மண்டபங்களில் இந்தக் கேள்வி சாதாரணம். கேட்பவர் அக்கறையோடுதான் கேட்கிறார். ஆனால் எட்டு மணி நேரம் தூங்கி எழுந்து, தலைக்குக் குளித்து, பட்டு கட்டி வந்து நிற்கும் இருபத்து நான்கு வயதுப் பெண் இதற்கு என்ன பதில் சொல்வாள்? தூக்கத்தில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. கண்ணுக்குக் கீழே இருக்கும் பைதான் அவளை அப்படிக் காட்டுகிறது.

எங்கள் குடும்பத்தில் இது அமுச்சி (அம்மாவின் அம்மா) காலத்திலிருந்து வருகிறது. அம்மாவுக்கு இருந்தது, எனக்கு இருக்கிறது, இப்போது அக்கா மகளுக்கும் வந்திருக்கிறது. அவள் கோவை சரவணம்பட்டியில் ஒரு ஐடி கம்பெனியில் வேலை பார்க்கிறாள். வீட்டில் ஜாதகம் எடுக்க ஆரம்பித்ததும் கேட்டாள்: "சித்தி, இதுக்கு ஆபரேசன் இருக்குதாமுங்க? க்ரீம் போட்டாலே போயிருமா? ஊசி போட்டா ஒரு மணி நேரத்துல சரியாயிருதுன்னு இன்ஸ்டாகிராம்ல காட்டுறாங்க."

அவளுக்காகத் தேடிப் படித்ததையும், கண் மருத்துவரிடமும் தோல் மருத்துவரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதி வைக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. மருத்துவரிடம் போய் உட்காரும்போது எதைக் கேட்பது, எதைச் சொல்வது என்று தெரிந்து போவதற்கு இது உதவும்.

சொல்ல வந்தது ஒன்றுதான். இளவயதில் தெரியும் கண்பை எல்லாருக்கும் ஒரே காரணத்தால் வருவதில்லை. ஒருவருக்கு அது நீர், இன்னொருவருக்குக் கொழுப்பு. சிலருக்குப் பள்ளத்தின் நிழல், சிலருக்குத் தோலின் நிறம். பலருக்கு இவற்றில் இரண்டு சேர்ந்திருக்கும். நீருக்கான வைத்தியம் கொழுப்புக்கு ஆகாது, கொழுப்புக்கான வைத்தியம் நிறத்துக்கு ஆகாது. எது என்று தெரியாமல் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள்.

இமைக்குள் என்ன இருக்கிறது

எலும்பாலான குழிக்குள் கண் இருக்கிறது. அது அடிபடாமல் அசைய, சுற்றிலும் மெத்தென்று கொழுப்பு வைக்கப்பட்டிருக்கிறது. கீழிமைப் பக்கம் இந்தக் கொழுப்பு மூன்று அறைகளாகப் பிரிந்திருக்கும். அது முன்னே வந்துவிடாமல் ஒரு மெல்லிய சவ்வு தடுத்து நிற்கிறது. சவ்வுக்கு மேல் வட்டமாக ஒரு தசை, தசைக்கு மேல் தோல். உடம்பிலேயே மிக மெல்லிய தோல் இமைத்தோல்தான். ஏறத்தாழ அரை மில்லிமீட்டர், அல்லது அதற்கும் குறைவு. அதனால்தான் உள்ளே கொஞ்சம் நீர் சேர்ந்தாலும் வெளியே தெரிந்துவிடுகிறது.

இலவம்பஞ்சு மெத்தையின் உறை தளர்ந்தால் பஞ்சு ஒரு பக்கம் புடைக்கும். அந்தச் சவ்வு தளரும்போதும் அதுதான் நடக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு இது வயதாகும்போது வரும். சில குடும்பங்களில் கொழுப்பு பிறவியிலேயே அதிகம், அல்லது சவ்வு மெலிவு. அவர்களுக்குப் பதினெட்டு, இருபது வயதிலேயே பை தெரியும். கன்னத்து எலும்பு கொஞ்சம் உள்வாங்கி, கண் கொஞ்சம் முன்னே இருக்கும் முக அமைப்பிலும் பை எடுப்பாகத் தெரியும். இதில் முதுமையும் இல்லை, கெட்ட பழக்கமும் இல்லை. மூக்கின் வடிவம் வருவது போலவே இதுவும் வீட்டிலிருந்து வருவது.

கண்ணாடி முன் நின்று பார்க்க வேண்டியவை

முதலில் நேரத்தைக் கவனியுங்கள். காலையில் எழுந்ததும் ஒரு படம், சாயங்காலம் அதே இடத்தில், அதே வெளிச்சத்தில் ஒரு படம். காலையில் உப்பி, மத்தியானத்துக்குள் வடிந்துவிட்டால் அது பெரும்பாலும் நீர். படுத்திருக்கும்போது முகத்தில் தங்கும் நீர், எழுந்து நடமாடியதும் இறங்கிவிடும். காலையிலும் மாலையிலும் ஒரே மாதிரி இருந்தால் கொழுப்பாக இருக்க வாய்ப்பு அதிகம்.

அடுத்து, தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் உயர்த்தி மேலே பாருங்கள். கொழுப்புப் பை என்றால் அப்போது இன்னும் புடைத்துத் தெரியும்.

மூன்றாவது வெளிச்சம். தலைக்கு மேல் ட்யூப்லைட் எரியும்போது மோசமாகத் தெரிவது, ஜன்னலுக்கு நேர் எதிரே நின்றால் காணாமல் போகிறதா? அப்படியானால் நீங்கள் பை என்று நினைப்பதில் பாதி நிழல்தான். மூக்கோரத்திலிருந்து கன்னத்துக்கு இறங்கும் பள்ளத்தில் விழும் நிழல் அது.

நான்காவதாக, கீழிமைத் தோலை விரலால் மெதுவாகப் பக்கவாட்டில் இழுத்துப் பாருங்கள். இழுத்த இடத்திலும் கருமை அப்படியே இருந்தால் அது தோலின் நிறம், கருவளையம். நம் ஊர் மாநிறத் தோலில் இது மிகச் சாதாரணம். இதைப் பையோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

சிரிக்கும்போது மட்டும் இமையோரம், முடிக்குக் கீழே ஒட்டினாற்போல் ஒரு சின்ன மேடு தெரிகிறதா? அது தசை, பையே இல்லை. கொரியாவில் அதற்கு 'ஏக்யோ சால்' என்று பெயர் வைத்து, இளமையின் அடையாளமாகக் கொண்டாடுகிறார்கள். இல்லாதவர்கள் ஊசி போட்டுக்கூட உண்டாக்கிக்கொள்கிறார்கள். கொரியத் தொடர்கள் பார்க்கும் பிள்ளைகளுக்கு இது நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கடைசியாக, வீட்டிலிருக்கும் பழைய ஆல்பத்தை எடுங்கள். அம்மாவின் கல்யாணப் படத்தை எடுத்துப் பார்த்தபோது அக்கா மகளுக்குப் பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. கறுப்பு வெள்ளைப் படத்திலும் அந்தப் பை தெளிவாக இருந்தது.

நீர் என்றால்: உப்பு, காற்று, தூக்கம்

உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு போதும் என்கிறது. ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி. நம் சாப்பாட்டில் ஊறுகாய், மோர் மிளகாய், அப்பளம் வழியாகவே இதில் பெரும்பங்கு போய்விடும். அதற்கு மேல் சாயங்காலம் பேக்கரியில் ஒரு பப்ஸ், ராத்திரி தள்ளுவண்டியில் ஒரு தட்டு காளான். சாஸும் உப்பும் சேர்ந்த அந்தத் தட்டைப் பத்து மணிக்குச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் காலையில் கண் உப்பியிருப்பதில் வியப்பில்லை. காளானை விடச் சொல்லவில்லை. இரவுச் சாப்பாட்டில் உப்பைக் குறைத்து, தலையணையைச் சற்று உயர்த்தி இரண்டு வாரம் பாருங்கள். நீர் காரணமாக இருந்தால் வித்தியாசம் தெரியும்.

அடுத்தது ஒவ்வாமை. கோவையில் இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று நேரே நம் மேல் வீசுகிறது. ஆனி, ஆடியில் அந்தக் காற்றோடு தூசும் மகரந்தமும் வரும். மில்லில் பஞ்சுத் தூசு. வீடு கட்டாமல் கிடக்கும் சைட்டுகளில் மழைக்குப் பிறகு இடுப்பளவு வளரும் பார்த்தீனியம். காற்றில் பரவும் பார்த்தீனியத் துகள் தோல் ஒவ்வாமையைக் கிளப்பும். அது முதலில் தாக்கும் இடங்களில் இமையும் ஒன்று. கண் அரிக்கும், நாம் தேய்ப்போம், தேய்க்கத் தேய்க்க இமை வீங்கிக் கறுக்கும். விடாமல் தேய்ப்பது கருவிழியின் வடிவத்தையே கெடுக்கக்கூடியது என்பதால் இதை அழகுப் பிரச்சினையாக மட்டும் பார்க்கக் கூடாது. தும்மலும் மூக்கடைப்பும் அரிப்பும் சேர்ந்து வந்தால் உங்களுக்கு வேண்டியது கண்பை வைத்தியம் இல்லை, ஒவ்வாமை வைத்தியம். கண் மருத்துவர் தரும் ஒவ்வாமைச் சொட்டு மருந்தும், வண்டியில் போகும்போது கண்ணை மூடும் கண்ணாடியும் அழகு நிலையத்தால் முடியாததைச் செய்துவிடும்.

தலைக்கு டை அடிப்பவர்களும் கவனிக்க வேண்டும். கறுப்புச் சாயங்களில் இருக்கும் பிபிடி என்ற வேதிப்பொருள் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. அடித்தது தலையிலும் தாடியிலும்தான் என்றாலும் வீங்குவது பெரும்பாலும் இமைதான். கல்யாணத்துக்கு முதல்நாள் புது டை வேண்டவே வேண்டாம்.

பிறகு தூக்கம். 2013-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் 10 பேரை நன்றாகத் தூங்க வைத்து ஒரு முறையும், 31 மணி நேரம் விழித்திருக்க வைத்து ஒரு முறையும் படம் எடுத்து, 40 பேரிடம் காட்டினார்கள். விழித்திருந்தவர்களின் இமை தொங்கியும், கண் வீங்கியும், கீழே கறுத்தும் தெரிந்ததாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். அமெரிக்க நேரத்துக்கு வேலை பார்க்கும் கீரணத்தம் பிள்ளைகளுக்கும், ஷிப்மெண்ட் சமயத்தில் விடிய விடிய நிற்கும் திருப்பூர் பனியன் கம்பெனித் தொழிலாளர்களுக்கும், ஷிப்ட் மாறி மாறி ஓடும் மில் வேலைக்காரர்களுக்கும் இது தெரியாததல்ல. அவர்களிடம் 'சீக்கிரம் தூங்குங்கள்' என்று சொல்வது எளிது. ஷிப்டை அவர்கள் தீர்மானிப்பதில்லை. முடிந்தவரை ஒரே நேரத்தில் படுப்பது, பகலில் தூங்கும் அறையை இருட்டாக்குவது, வேலையின் கடைசி நேரத்தில் டீ, காபியைத் தவிர்ப்பது ஆகிய மூன்றும் அவர்கள் கையில் இருப்பவை.

அலட்சியம் செய்யக் கூடாத வீக்கம்

இந்தப் பகுதியை மட்டுமாவது முழுதாகப் படியுங்கள்.

இதுவரை இல்லாத வீக்கம் திடீரென்று வந்து, காலையில் முகமே உப்பி, சிறுநீர் நுரைத்துப் போனால், கால் வீக்கமும் சேர்ந்தால், அது சிறுநீரகத்தின் வழியாகப் புரதம் கசிவதாக இருக்கலாம். குழந்தைகளுக்கும் இது வரும். 'சளி பிடிச்சிருக்கு, கண்ணு வீங்கியிருக்கு' என்று நாள் கடத்தக் கூடாது. ஒரு சிறுநீர்ப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

முகம் ஊதலாக, உடம்பு கனத்து, முடி கொட்டி, குளிர் தாங்காமல் இருந்தால் தைராய்டு குறைந்திருக்கலாம். மாறாக, கண் முன்னே துருத்தி, கருவிழிக்கு மேல் வெள்ளை தெரிய, நெஞ்சு படபடத்தால் தைராய்டு கூடியதால் வரும் கண் நோயாக இருக்கலாம். ஒரு கண் மட்டும் வீங்குவது, வலி, சிவப்பு, இரட்டையாகத் தெரிவது, பார்வை மங்குவது இவற்றில் எது இருந்தாலும் அன்றே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கீழே கறுத்திருப்பதோடு களைப்பும் மூச்சு வாங்குவதும் இருந்தால் ரத்தத்தில் ஹீமோகுளோபின் பார்க்க வேண்டும். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள். அது கண்பையை உண்டாக்காது. ஆனால் முகம் வெளிறும்போது கண்ணடிக் கருமை இன்னும் எடுப்பாகத் தெரியும்.

ரத்த அழுத்தம், சிறுநீர், ஹீமோகுளோபின், தைராய்டு ஆகிய சோதனைகளுக்கெல்லாம் சேர்த்து ஆகும் செலவு நல்ல ஐ-க்ரீம் டப்பா ஒன்றின் விலைக்கு அருகில்தான் வரும். அரசு மருத்துவமனையில் காசே இல்லாமல் பார்க்கலாம்.

வீட்டு வைத்தியமும் க்ரீமும்

வெள்ளரிக்காய், ஆறிய டீத்தூள் பை, ஐஸ் தண்ணீரில் நனைத்த துணி எதுவானாலும் வேலை செய்வது குளிர்ச்சிதான். ரத்தக்குழாய் சுருங்கி நீர் கொஞ்சம் வடியும். காலை வீக்கத்துக்கு நல்லது, ஓரிரு மணி நேரத்துக்குப் போதும். காபீன் கலந்த க்ரீமும் இதே அளவுதான் செய்யும். விளக்கெண்ணெய் தடவினால் தோல் வறளாது, கொழுப்பு கரையாது. எலுமிச்சைச் சாறை மட்டும் கண்ணருகே கொண்டு போகாதீர்கள். அது தோலைப் புண்ணாக்கும், அதோடு வெயிலில் போனால் கருந்திட்டு விழும்.

ரெட்டினால் வகைக் க்ரீம்கள் தோலை மெல்லக் கெட்டிப்படுத்தும். பலன் தெரிய மாதங்கள் ஆகும். இமைத்தோலில் எரிச்சல் வரும் என்பதால் தோல் மருத்துவர் சொன்ன அளவுதான் போட வேண்டும். கர்ப்பமாக இருப்பவர்களும், கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்களும் தொடக் கூடாது. கருவளையத்துக்கு வெயில் காப்பு க்ரீம்தான் அடிப்படை. அது இல்லாமல் மற்ற எதைப் போட்டும் பயனில்லை.

மருந்துக்கடையில் 'முகம் வெளுக்க' என்று கேட்டு வாங்கும் ட்யூப்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவற்றில் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. 2018-இல் மத்திய அரசு ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை ஷெட்யூல் எச்-க்குள் கொண்டுவந்து, மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்றது. ஆனாலும் கேட்டால் கிடைக்கிறது. மெல்லிய இமைத்தோலில் அதைத் தொடர்ந்து போட்டால் தோல் இன்னும் மெலிந்து, உள்ளிருப்பது எல்லாம் வெளியே தெரியும். கண்ணுக்குள் போனால் கண் அழுத்தம் ஏறிப் பார்வையையே பாதிக்கும்.

எந்தக் க்ரீமும் சவ்வுக்குப் பின்னால் இருக்கும் கொழுப்பைப் போய்த் தொடாது. விளம்பரம் எப்படிச் சொன்னாலும் சரி, இது மாறாது.

ஊசி: யாருக்கு, யாருக்கு இல்லை

ஃபில்லர் என்பது ஹையலூரானிக் அமிலம் என்ற கூழ்ம மருந்து. பள்ளத்தை நிரப்பி நிழலைப் போக்குவதுதான் அதன் வேலை. பை குறைவாக, பள்ளம் அதிகமாக இருப்பவர்களுக்கு நன்றாகப் பொருந்தும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2022-இல் கண்ணடிப் பள்ளத்துக்கென்று ஒரு ஃபில்லருக்கு அனுமதி கொடுத்தது. அதுவும் 21 வயதைத் தாண்டியவர்களுக்கு மட்டும்.

பை பெரிதாகவோ, காலையில் நீர் கோக்கும் தன்மையோடோ இருந்தால் ஃபில்லர் ஏமாற்றிவிடும். அந்த மருந்தே நீரை இழுத்து வைத்துக்கொள்ளும் குணமுள்ளது. வீக்கம் கூடிவிடும். தோலுக்கு மிக அருகில் போட்டுவிட்டால் நீலம் பாய்ந்தது போலத் தெரியும். ஹையலூரானிடேஸ் என்ற மாற்று ஊசி போட்டு இதைக் கரைக்க முடியும் என்பதுதான் இதன் பாதுகாப்பு. அதனால் கரைக்க முடியாத 'நிரந்தர' ஃபில்லரைக் கண்ணருகே ஒருபோதும் போட்டுக்கொள்ளாதீர்கள். மிக அரிதாக, மருந்து ரத்தக்குழாய்க்குள் நுழைந்து விழித்திரைக்கு ரத்தம் நின்று பார்வை போயிருக்கிறது. அப்படி ஒன்று நடந்தால் நிமிடக் கணக்கில் செயல்பட வேண்டும். அதைச் செய்யத் தெரிந்தவரும், அதற்கான மருந்தும் அந்த அறையிலேயே இருக்க வேண்டும். அழகு நிலையத்து நாற்காலியில் இந்த ஊசியைப் போட்டுக்கொள்ள வேண்டாம் என்று நான் மன்றாடுவது இதனால்தான்.

'கொழுப்பைக் கரைக்கும் ஊசி' என்று ஒன்றும் விளம்பரமாகிறது. டீஆக்ஸிகோலிக் அமிலம் என்ற அந்த மருந்துக்கு 2015-இல் எஃப்டிஏ அனுமதி கொடுத்தது தாடைக்குக் கீழே தொங்கும் கொழுப்புக்கு மட்டும். கண்ணுக்கு அருகில் அது ஆபத்து.

நம் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றிப் போடும் பிஆர்பி ஊசி தோலின் தன்மையைக் கொஞ்சம் மாற்றலாம். பையைக் குறைக்காது. லேசரும் கெமிக்கல் பீலும் நிறத்துக்கும் மேல்தோலுக்கும் உரியவை. நம் தோலில் சூடு அதிகமானால் முன்னைவிடக் கறுத்துவிடும் அபாயம் உண்டு என்பதால், மாநிறத் தோலில் பழகிய தோல் மருத்துவரிடம் மட்டுமே செய்துகொள்ளலாம்.

அறுவைசிகிச்சை

கொழுப்புப் பைக்கு நிலையான தீர்வு இது ஒன்றுதான். இளவயதுக்காரர்களுக்கு இதில் ஒரு சாதகம் இருக்கிறது. அவர்களுக்குத் தோல் தொங்குவதில்லை, அதனால் வெளியே வெட்ட வேண்டியதில்லை. இமையை லேசாகத் திருப்பி, உள்பக்கச் செஞ்சவ்வு வழியாகவே கொழுப்பைச் சரிசெய்யலாம். முகத்தில் தழும்பு இருக்காது. இந்த வழியைப் பாரிஸ் மருத்துவர் பூர்கே 1924-லேயே எழுதிவிட்டார்.

பிறகு பல பத்தாண்டுகள் கொழுப்பை எடுத்துவிடுவதே வழக்கமாக இருந்தது. இருபத்தைந்தில் நிறைய எடுத்தவர்களுக்கு ஐம்பதில் கண் குழி விழுந்தது. வயதாக ஆக முகத்தின் கொழுப்பு தானாகவே குறையும் என்பதை அப்போது போதுமான அளவு கணக்கில் எடுக்கவில்லை. 1981-இல் பிரேசில் மருத்துவர் லோப், புடைத்த கொழுப்பை வெட்டி எறியாமல் கீழே இருக்கும் பள்ளத்துக்குள் இறக்கி வைக்கும் முறையை எழுதினார். மேடும் குறையும், பள்ளமும் நிரம்பும். இன்று நல்ல அறுவை மருத்துவர்கள் முகத்தைப் பார்த்து, கொஞ்சம் எடுப்பதா, இறக்கி வைப்பதா, இரண்டுமா என்று முடிவு செய்கிறார்கள். கன்னத்து எலும்பு உள்வாங்கிய முகத்தில் வெறுமனே எடுத்துவிட்டால் பள்ளம் இன்னும் ஆழமாகத் தெரியும். இளவயதில் அறுவைக்குப் போகிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வியே இதுதான்: "எனக்கு எடுக்கப் போறீங்களா, இறக்கி வைக்கப் போறீங்களா? ஏன்?"

பெரும்பாலும் அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். கன்றிப்போன நிறமும் வீக்கமும் வடிய ஒன்றிலிருந்து இரண்டு வாரம் ஆகும். முழு வடிவம் தெரிய மாதங்கள் ஆகும். மருத்துவர் சொல்லும்வரை கனம் தூக்கக் கூடாது, கண்ணைத் தேய்க்கக் கூடாது. ஆஸ்பிரின், மீன் எண்ணெய் மாத்திரை, வைட்டமின் ஈ, பூண்டு மாத்திரை எது சாப்பிட்டாலும் முன்கூட்டியே சொல்ல வேண்டும், ரத்தம் உறைவதை அவை தாமதப்படுத்தும். கண்ணுக்குப் பின்னால் ரத்தம் கசிவதுதான் இதில் மிகப் பெரிய ஆபத்து. அரிது என்றாலும் பார்வையைப் பறிக்கக்கூடியது. அறுவைக்குப் பின் கடுமையான வலியோ, பார்வை மங்கலோ வந்தால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. ராத்திரி எத்தனை மணிக்குக் கூப்பிட்டாலும் எடுக்கும் ஃபோன் எண் கையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டுதான் சம்மதிக்க வேண்டும்.

முகூர்த்த நாளும் லேசிக்கும்

நம் ஊரில் பலர் கல்யாணத்துக்கு முன் லேசிக் செய்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிடுகிறார்கள். அதுவரை ஃப்ரேம் மறைத்திருந்த பை, அதன் பிறகுதான் பளிச்சென்று தெரிகிறது. உடனே அதையும் சரிசெய்யக் கிளம்புகிறார்கள். லேசிக் செய்த கண்ணில் சில மாதங்கள் வறட்சி இருக்கும். இமை அறுவையும் வறட்சியைக் கூட்டும். இரண்டுக்கும் நடுவில் போதிய இடைவெளி வேண்டும். எவ்வளவு என்று உங்கள் கண்ணைச் சோதித்தவர் சொல்ல வேண்டும். லேசிக் செய்ததை மறைக்காமல் சொல்லுங்கள்.

அதைவிட முக்கியமானது தேதி. தை மாசம் முகூர்த்தம், மார்கழியில் அறுவை என்று கணக்குப் போடாதீர்கள். முகூர்த்தக்கால் நடும் நாளில் கண்ணுக்குக் கீழே கன்றிப்போயிருந்தால் அதை மறைக்கப் பாடுபட வேண்டும். இது காலம் முழுவதும் கூட வரப்போகும் மாற்றம், ஒரு நாள் வீடியோவுக்காகச் செய்கிற காரியம் இல்லை. கல்யாண நாளுக்கு நல்ல வெளிச்சமும், முந்தின நாள் உப்புக் குறைந்த சாப்பாடும், கைதேர்ந்த மேக்கப்காரரும் போதும். மாப்பிள்ளை வீட்டார் சொன்னார்கள் என்பதற்காக மட்டும் கத்திக்குப் போக வேண்டாம் என்று நான் எந்தப் பெண்ணிடமும் சொல்வேன். பையன்களிடமும் அதையே சொல்வேன்.

கோவையில் யாரிடம் போவது

பெரியவர்களுக்குப் புரை எடுக்கத்தான் கண் ஆஸ்பத்திரி என்று நம் ஊரில் ஒரு நினைப்பு இருக்கிறது. அது சரியில்லை. 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த், 1997-இல் கோவை அவிநாசி சாலைக்கும் வந்தது. சத்தி சாலையில், சிவானந்தபுரத்தில் சங்கரா கண் மருத்துவமனை இருக்கிறது. இப்படிப்பட்ட பெரிய கண் மருத்துவமனைகளில் ஆக்குலோபிளாஸ்டி என்று ஒரு தனிப் பிரிவு உண்டு. இமையும் கண்குழியும் கண்ணீர்ப் பாதையும் அவர்கள் துறை. கண்பைக்கு முதலில் போக வேண்டிய இடம் அதுதான், ஏனென்றால் பார்வை, வறட்சி, தைராய்டு கண் நோய் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்த்துவிடுவார்கள். முறையாகப் படித்த பிளாஸ்டிக் சர்ஜன்களும் இந்த அறுவையைச் செய்கிறார்கள். நிறத்துக்கும் இமைத்தோல் ஒவ்வாமைக்கும் தோல் மருத்துவர்.

யாரிடம் போனாலும் அவருடைய மேற்படிப்பு என்ன என்று கேளுங்கள். தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலில் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். அவர் செய்த இளவயதுக்காரர்களின் முன், பின் படங்களைக் காட்டச் சொல்லுங்கள். முதல் சந்திப்பிலேயே 'இன்னைக்கே அட்வான்ஸ் கட்டுங்க, ஆஃபர் இருக்குது' என்றால் எழுந்து வந்துவிடுங்கள். அழகுக்காகச் செய்யும் அறுவை மருத்துவக் காப்பீட்டில் வராது, மேலே ஜிஎஸ்டியும் சேரும். அதனால் மொத்தத் தொகையை எழுத்தில் வாங்குங்கள். வெள்ளாமை எடுத்த காசோ, சீட்டுப் பணமோ, எதிலிருந்து எடுத்தாலும் கடன் வாங்கி அவசரமாகச் செய்ய வேண்டிய காரியம் இது இல்லை.

அக்கா மகளுக்குச் சோதனைகள் எல்லாம் சரியாக இருந்தன. அரிப்புக்குச் சொட்டு மருந்து போட ஆரம்பித்ததும் காலை வீக்கம் குறைந்துவிட்டது. மிச்சம் இருப்பது அமுச்சி வழியில் வந்த கொழுப்பு. "அறுவை இப்போதைக்கு வேண்டாமுங்க சித்தி, ரெண்டு வருசம் கழிச்சு எனக்கே தோணுனா பண்ணிக்கறேன்" என்றாள். வேண்டும் என்று சொல்லியிருந்தாலும் கூடவே போய் உட்கார்ந்திருப்பேன். தன் முகத்தைப் பற்றி ஒருவர் கவலைப்படுவதைக் கிண்டல் செய்வதும் தப்பு, அந்தக் கவலையைக் காசாக்குவதும் தப்பு.

உங்களுக்கும் இருந்தால் இந்த வாரம் காலையிலும் மாலையிலும் படம் எடுங்கள். ரத்தம், சிறுநீர்ச் சோதனைகளை முடியுங்கள். அந்தப் படங்களோடும் சீட்டுகளோடும் ஒரு கண் மருத்துவரைப் பாருங்கள். க்ரீமா, ஊசியா, அறுவையா, ஒன்றும் வேண்டாமா என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் வர வேண்டும்.